கேட்டில் நின்று வழியனுப்புகிறவர்கள்

புதுச்சேரி ரயில் நிலையத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கட்டினான், இருக்கட்டும். இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன், நடுவில் எல்லையில் வண்டியை நிறுத்தி மூட்டை முடிச்சையெல்லாம் கிளறிப் பார்ப்பார்கள் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. சோதனைக்குப் பயந்து ஒருத்தர் வாங்கிய புதுப் புடவைகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக மனைவியைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட, அந்த அம்மாள் உட்காரவும் முடியாமல் குனியவும் முடியாமல் விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே போன கதையைக் கேட்டு நானும் என் தங்கையும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்த ஸ்டேஷனின் வரலாறு என்று என் மனதில் இருப்பது அதுவல்ல. நான் வில்லியனூர்க்காரி. எங்களுக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் இருக்கிற வழக்கு வேறு.

அம்மா கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்ததே விழுப்புரம் பாசஞ்சரில்தான். அப்போது சின்ன ரயில், மீட்டர் கேஜ். வழியில் எல்லா ஊரிலும் நிற்கும். கத்தரிக்காய்க் கூடை, பூக்கூடை, கோழி எல்லாம் ஏறும். கிளம்பிய பிறகும் ஓடிப்போய் ஏறலாம், அத்தனை நிதானம். பிறகு அகலப் பாதை போடப்போகிறோம் என்று வண்டியை நிறுத்தினார்கள். பழைய தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். கொஞ்ச வருஷம் பாண்டிக்கு ரயிலே கிடையாது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் வெறும் மேடு மட்டும் கிடந்தது. பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள், அம்மா சாவகாசமாக வறட்டி காயவைத்தாள். ஒருநாள் லாரி வந்து ஜல்லியைக் கொட்ட ஆரம்பித்தபோது, வறட்டியை அள்ள முடியாமல் அள்ளிக்கொண்டு அம்மா அந்த டிரைவரைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. அகல ரயில் வருகிறதென்று ஊரே சந்தோஷப்பட்டது. அம்மாவுக்கும் அந்த ரயிலுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை.

அகல ரயிலோடு தூரதேச வண்டிகள் வந்தன. டெல்லி வண்டி, கல்கத்தா வண்டி, புவனேஸ்வர் வண்டி என்று வாரத்தில் ஒவ்வொரு நாளைக்கு ஒன்று. இதில்தான் எங்கள் வழக்கு ஆரம்பிக்கிறது. பாண்டியில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் சில தெருக்கள், பிறகு கடல். எந்த வண்டியானாலும் அங்கிருந்து மேற்கே பார்த்துத்தான் கிளம்பியாக வேண்டும். மேற்கே வந்தால் எங்கள் ஊர். எங்கள் ஊரிலும் ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் நான் சொல்லப்போகிற வண்டி அங்கே நிற்காது. அதனால் அதில் போக வேண்டிய எங்கள் ஊர்க்காரன் என்ன செய்வான்? பெட்டி படுக்கையோடு பஸ் ஏறி, மூலக்குளம் நெரிசலில் வெந்து, கிழக்கே பாண்டிக்குப் போவான். அங்கே ரயிலேறி, திரும்ப மேற்கே வந்து, காலையில் தான் பூட்டிவிட்டு வந்த வீட்டையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போவான். கேட்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது.

இந்தக் கிறுக்குத்தனத்திலிருந்து வந்ததுதான் கேட்டுக்கு நிற்கிற வழக்கம். ஸ்டேஷனுக்குப் போகக்கூடியவர்கள் போவார்கள். போக முடியாதவர்கள், அதாவது முழங்கால் வலிக்காரர், கைக்குழந்தைக்காரி, மாட்டை விட்டுவிட்டு வரமுடியாதவர் எல்லாரும், ஊரில் ரயில்வே கேட்டாண்டை வந்து நிற்பார்கள். வண்டி கிளம்பியதும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும்: 'எடுத்துட்டான்.' பயணம் போகிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியில் கலர் துண்டோ துப்பட்டாவோ கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதைப் பார்த்து இவர்கள் கையாட்டுவார்கள், அவரும் ஆட்டுவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனாலும் கேட்டில் நின்றால் ஸ்டேஷனுக்கே வந்து வழியனுப்பியதாகத்தான் கணக்கு. நீ வரவே இல்லையே என்று பிறகு யாரும் குறை சொல்ல முடியாது. பட்டாளத்துக்குப் போகிற மகனுக்கென்று எங்கள் சித்தி ஒருத்தி ஜன்னலைக் குறிபார்த்து முறுக்குப் பொட்டலத்தை எறிந்தாள். அது வேறு பெட்டியில் யாரோ ஒரு சேட்டு மடியில் விழுந்தது. மகன் பெட்டி பெட்டியாகத் தேடிப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டானாம்.

ரயில் எங்களை வெளியூருக்குக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது வெளியூரிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தது. முதுகில் பையோடு இளவட்டங்கள் பாண்டி ஸ்டேஷனில் கும்பல் கும்பலாக இறங்கினார்கள். கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்படி ஒடிசாவிலிருந்து வந்து இறங்கியவர்களில் ஒருத்தரை என் தங்கை கல்யாணம் செய்துகொண்டாள். ஒரே பிளாஸ்டிக் கம்பெனி, அவர் சூப்பர்வைசர், இவள் பேக்கிங்கில். நல்ல மனிதர். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று "அக்கா, சாப்டாச்சா?" என்று கேட்பார். அந்த நாலு வார்த்தைத் தமிழை வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரரை மயக்கிவிட்டார்.

அம்மா மயங்கவில்லை. பெண் தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்ற ஆத்திரத்தைப் பெண்மேல் முழுசாகக் காட்ட முடியாமல், பாதியை ரயில்மேல் காட்டினாள்.

"அந்தப் பாழாப்போன ரயிலு வரலன்னா அவன் எங்கடி வந்திருக்கப் போறான்? நான் சாவற மட்டும் அந்த டேசன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"ஏம்மா, அவரு எறங்குனதுக்கு டேசன் இன்னாம்மா பண்ணும்?" என்றேன்.

"நீ வாய மூடு. உன் வாய்தான் நம்ம வூட்டுக்கே பெருசு."

அது உண்மைதான், மறுக்கவில்லை. அன்றோடு தங்கையிடம் அம்மா பேச்சை நிறுத்தினாள். தங்கை மூலக்குளத்தில்தான் வாடகைக்கு இருந்தாள், பஸ்ஸில் போனால் இரண்டு பேச்சுக்கு நடுவில் வந்துவிடும். அந்தத் தெரு முனை வரும்போது அம்மா பஸ்ஸில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஆனால் முருங்கைக்காய் காய்த்தால் ஒரு கட்டு என் தையல் கடைக்கு வரும். "எனுக்கு எதுக்கு இத்தினி? யாருக்குனா குடு" என்று வைத்துவிட்டுப் போவாள். யாருக்குனா என்றால் யாருக்கு என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், முருங்கைக்காய்க்கும் தெரியும். நான் கொண்டுபோய்க் கொடுத்தால் தங்கை அதை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போவாள். இரண்டு பேரையும் பிடித்து ஒரே அறையில் போட்டுப் பூட்டினால் என்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன கோடையில் ஒடிசாவிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கையும் காலும் இழுத்துவிட்டது. அங்கே அவருடைய கடையைப் பார்க்க ஆள் இல்லை. இங்கே வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விடுவதென்று முடிவாயிற்று. இனிமேல் எப்போதாவது லீவுக்கு வந்தால் உண்டு. தங்கை கடுகு மஞ்சளில் பொடிப் பூப் போட்ட காட்டன் துணியோடு என் கடைக்கு வந்தாள்.

"பயணத்துக்குப் போட்டுக்க ஒரு சுடிதார் தெச்சிக் குடுக்கா."

அளவெடுக்கிறபோது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அம்மா கேட்டுக்காவது வருமாக்கா? டேசனுக்குக் கூட வேணாம். பேசக்கூட வேணாம். கேட்டுல வந்து ஒரு நிமிசம் நின்னா போதும், நான் பாத்துக்கினே போயிடுவேன்."

கையைத் தூக்குடி, அளவு தப்பிடும் என்று அதட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் போனேன். எந்த நாள், எந்த வண்டி எல்லாம் சொன்னேன். கல்கத்தா வண்டி, மத்தியானம் கிளம்பும் என்றேன். அம்மா வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஊரோட போறாம்மா. இனிமே மூலக்குளத்துல இருக்க மாட்டா. நீ மூஞ்சத் திருப்பிக்கிறதுக்குக் கூட ஆள் இருக்காது."

"போவட்டும்."

"கேட்டுல வந்து நில்லு."

"நான் இன்னாத்துக்கு நிக்கணும்? மத்தியானத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

"மாடு இன்னா, உன் மாமியாரா? அஞ்சி நிமிசம் பொறுத்துக்காதா?"

"போடி அந்தாண்ட" என்று வைக்கோலை என் மேலேயே உதறினாள். தலையெல்லாம் தூசியோடு வீட்டுக்கு வந்தேன். கல்லில் நார் உரிக்கிற கதை. தங்கையிடம் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

கிளம்புகிற நாளன்று ஸ்டேஷன் ஒரே ரகளையாக இருந்தது. இடித்துக் கட்டுகிறார்கள். தகரத் தடுப்பு, சிமெண்டுத் தூசி, எந்தப் பக்கம் நுழைவது என்றே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பைக்கில் வந்துவிட, நாங்கள் பெரிய சிவப்பு தேவாலயத்தாண்டை ஆட்டோவை விட்டு இறங்கி மூட்டைகளைச் சுமந்துகொண்டு நடந்தோம். வண்டி முன்கூட்டியே வந்து நின்றிருந்தது. அதுதான் பாண்டி ஸ்டேஷனில் ஒரு சௌகரியம். இங்கேயே கிளம்புகிற வண்டி, சாவகாசமாக நிற்கும். எங்கள் ஊர்க்காரர்கள் வழியனுப்ப வந்தால் பிளாட்பாரத்தில் நிற்கிற வழக்கமே கிடையாது. குடும்பத்தோடு உள்ளே ஏறி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, கைகழுவி, அப்புறம்தான் இறங்குவார்கள். இங்கதான கிளம்புது, எங்க போயிடப்போவுது என்பார்கள்.

மாப்பிள்ளை எங்களை முன்னால் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். இஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டி வரைக்கும் போய் நின்று, கல்யாணப் பந்தலில் வரவேற்கிறவர் மாதிரி கையை நீட்டினார்.

"அக்கா, ஏசி போட்டாச்சு. அவ முதல் தடவ எங்க வூடு வர்றா. கஷ்டம் கூடாது."

எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை ஏசி பெட்டியில் ஏறியது கிடையாது. உள்ளே போனதும் குளுகுளு என்று இருந்தது. திரைச்சீலையெல்லாம் போட்டிருந்தார்கள். தங்கை உட்கார்ந்ததும் முதல் வேலையாக துப்பட்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைத் தேடினாள். கம்பி இல்லை. கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தாள். அது திறக்கிற கண்ணாடி இல்லை. வெளியே என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். நான் உள்ளேயிருந்து கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அவர் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். கதவாண்டை போய்க் கேட்டேன்.

"உள்ள யாரு இருக்காங்கன்னே தெரியலம்மா. என் மூஞ்சிதான் தெரியுது" என்றார்.

தங்கையின் முகம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு விஷயம் புரியவே கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் அவர் முகமும் விழுந்துவிட்டது. பாவம், ஆசையாகச் செய்த காரியம். "அழாதடி, கேட்டு வரும்போது கதவாண்ட வந்து நின்னுக்க" என்று நான்தான் தேற்றினேன். அம்மா வந்தால்தானே இத்தனையும் என்று மனதில் நினைத்ததைச் சொல்லவில்லை.

புளிச்சோற்றைப் பிரித்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் பெரிய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து தங்கையின் மூட்டைகளையெல்லாம் காலால் தள்ளிவிட்டு சீட்டுக்கடியில் சொருகினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சோற்றுக் கையோடு எழுந்து அவரிடம் நியாயம் கேட்க ஆரம்பித்தேன். அவர் இந்தியில் கத்தினார், நான் தமிழில் கத்தினேன், மாப்பிள்ளை நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். டிரங்குப் பெட்டி வெளியே வந்து, நான் வெற்றியோடு திரும்பிப் பார்த்தால் பிளாட்பாரம் நகர்ந்துகொண்டிருக்கிறது. பிளாட்பாரத்தில் என் வீட்டுக்காரர் என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எறங்காத, எறங்காத!" என்று கத்திக்கொண்டே ஓடிவருகிறார்.

இறங்க முடியவில்லை. எங்கள் ஊரைத் தாண்டி விழுப்புரத்தில்தான் நிற்குமாம். டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"எங்க ஊரு இப்ப வந்துரும் சார். கொஞ்சம் மெதுவா வுட்டீங்கன்னா எறங்கிக்கிறேன்" என்றேன்.

அவர் என் சோற்றுக் கையைப் பார்த்தார், தங்கையின் கண்ணைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, "விழுப்புரத்துல எறங்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

தங்கையின் போனை வாங்கி அம்மாவுக்குப் போட்டேன். ஏசி பெட்டி, முன்னால் பார், கதவாண்டை பார் என்று சொல்லிவிடலாம் என்றுதான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. போனை மாட்டுக்கொட்டகையில் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிற ஆள் அவள். வீட்டில் இல்லை என்று மட்டும் தெரிந்தது. தண்ணீர் காட்டப் போயிருக்கலாம். வேறெங்கும் போயிருக்கலாம். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

மூன்று பேரும் கதவாண்டை போனோம். மாப்பிள்ளை ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் தங்கையின் தோளையும் பிடித்துக்கொண்டார். நான் பின்னாலிருந்து அவள் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கரும்புக் கொல்லை போயிற்று, புது பிளாட்டுக்குக் கல் நட்ட இடம் போயிற்று, எங்கள் கொல்லையும் வந்தது. மாட்டுக்கொட்டகை தெரிந்தது. மாடு தனியாக நின்றுகொண்டிருந்தது. தண்ணித்தொட்டியாண்டை யாரும் இல்லை.

"அக்கா" என்றாள் தங்கை, மூச்சு விடாமல்.

கேட்டு வந்தது. பைக்குகள், ஒரு கரும்பு டிராக்டர், ஒரு பால்வண்டி. எல்லாருக்கும் முன்னால், கேட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"அம்மா! அம்மா!" என்று இரண்டு பேரும் கத்தினோம். மாப்பிள்ளையும் "அம்மா!" என்று கத்தினார். இஞ்சின் ஹாரன் அடித்தது. அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் பெட்டியின் கறுப்புக் கண்ணாடியை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பின்னால் வருகிற கம்பி ஜன்னல் பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் எப்போதும் உட்காருகிற பெட்டிகள். கேட்டைத் தாண்டினோம். நானும் தங்கையும் எக்கிப் பார்த்தோம். அம்மா இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள், பின்னால் வருகிற ஒவ்வொரு ஜன்னலுக்கும்.

தங்கை அப்படியே வாஷ்பேசினாண்டை உட்கார்ந்துவிட்டாள். "என்னப் பாக்கலக்கா. என்னப் பாக்கவே இல்ல."

"வந்துச்சா இல்லியா? அத்த சொல்லு."

"வந்துச்சி."

"அப்புறம் இன்னாடி அழுவுற? மொகத்தக் கழுவு" என்றேன். நானும் அழுதுகொண்டேதான் சொன்னேன். மாப்பிள்ளை ஏசி போட்டதற்காக எங்கள் இருவரிடமும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டார். அவரைச் சமாதானப்படுத்துவது இன்னொரு வேலையாகப் போயிற்று.

விழுப்புரத்தில் இறங்கினேன். வண்டி நின்ற நேரமெல்லாம் தங்கை என்னை விடவில்லை. கட்டிக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். நான் தைத்த சுடிதாரின் முதுகுத் தையலில் என் கை இருந்தது. சுகமா போய்ட்டு வாடி என்றேன். வண்டி போன பிறகு கையில் போனும் இல்லை, பையும் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பைக்கை விரட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கே வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை.

நேராக அம்மா வீட்டுக்குத்தான் போனோம். அம்மா பழைய புடவைக்கு மாறியிருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவளாகவே ஆரம்பித்தாள்.

"சும்மா அந்தாண்ட போனேன். கேட்டு போட்டுட்டான். சரின்னு நின்னேன்."

"ம்."

"பாத்தேன்டி." வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகம் அப்படித் தெளிந்திருந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. "பச்சப் பொடவ கட்டிக்கினு ஜன்னலாண்ட ஒக்காந்திருந்தா. கைய வெளிய நீட்டி ஆட்டிக்கினே போனா. அந்தப் பையன் பக்கத்துலதான் இருந்தான். அவனும் ஆட்டுனான். நல்லாத்தான் வெச்சிக்கினு இருக்கான் போல. கொஞ்சம் பூசுனாப்புல இருந்தா."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அது அவள் இல்லைம்மா, அவள் மஞ்சள் சுடிதார், நான் தைத்தது, உன் மூக்குக்கு முன்னால் கதவில் நின்று கத்தினாள் என்று. யாரோ ஒரு புண்ணியவதி, எந்த ஊர்க்காரியோ, கேட்டில் ஒரு அம்மாள் இரண்டு கையையும் ஆட்டுகிறாளே என்று பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டுக்கே பெரிய இந்த வாயை அன்றைக்கு எப்படி மூடினேன் என்று இன்னும் எனக்கே ஆச்சரியம். என் வீட்டுக்காரரையும் முறைத்து வைத்தேன்.

அப்போது பார்த்து போன் அடித்தது. தங்கை. செங்கல்பட்டு தாண்டியிருப்பார்கள். ஒரு வார்த்தை எச்சரிக்கை செய்யலாம் என்று நான் போனோடு நகர்வதற்குள் அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"குடுடி இங்க."

கல்யாணத்துக்குப் பிறகு தங்கையின் போனுக்கு அந்தக் கை நீண்டதே இல்லை. கொடுத்தேன். அம்மாவுக்குக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, எப்போதும் ஸ்பீக்கர்தான். என்னை நீ பார்க்கவே இல்லையேம்மா என்று தங்கை அழ ஆரம்பித்தால் எல்லாம் போயிற்று.

"அலோ" என்றாள் தங்கை. "அக்கா?"

"நான்தான்டி."

அம்மா போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"பச்ச உனுக்கு நல்லா இருக்குதுடி" என்றாள் அம்மா. "கண்ணுலயே நிக்குது."

அந்தப் பக்கம் ரயில் சத்தம் மட்டும் கேட்டது. நான் கும்பிடாத சாமி இல்லை.

"ஆமாம்மா" என்றாள் தங்கை. குரல் உடைந்தது, சேர்த்துக்கொண்டாள். "நானும் உன்னப் பாத்தேன்மா. ரெண்டு கையும் தூக்கி ஆட்டுனியே."

"ஆட்டுனேன். நீ பாத்தியா?"

"பாத்தேன்மா. நல்லா பாத்தேன்."

"சாப்டியா?"

"சாப்டேன்மா."

"அந்தப் பையன் சாப்டானா?"

பக்கத்திலிருந்து, "சாப்டாச்சும்மா!" என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது. அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டு, மாடு ஏற்கனவே குடித்துவிட்ட தொட்டியில் இன்னொரு வாளி தண்ணீரை ஊற்றினாள்.

மறுநாள் தங்கை எனக்குத் தனியாகப் போன் செய்தாள். ஊர் போய்ச் சேர்ந்ததைக்கூடச் சொல்லவில்லை. "அக்கா, அம்மா சொன்னது எந்தப் பச்சன்னு கேட்டு வெய்யி. கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா? அடுத்த தபா வரும்போது அத்தத்தான் கட்டிக்கினு வரணும்."

கடையில் இருந்த பச்சைத் துணிகளில் ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். ஜாக்கெட் பிட் வந்திருக்கிறது, தங்கை அன்றைக்குக் கட்டியிருந்த புடவைக்கு எது சேரும் பார் என்று பொய் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இது இல்லை என்றாள். இதுவும் இல்லை என்றாள். ஒன்றை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மடித்து என் மடியில் போட்டாள்.

"எந்தப் பச்சையா இருந்தா இன்னாடி? அவள வரச் சொல்லு. டேசனுக்கே வரேன்."